யூதக் கல்யாணத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: வாசல் முதல் பந்தி வரை

நியூயார்க்கில் கூட வேலை பார்க்கும் யூத நண்பர் கல்யாணத்துக்கு அழைக்கிறார், குடும்பம் மத விதிகளைக் கறாராகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் யூத மரபைச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். மணமக்களை மகிழ்விப்பது அங்கே ஒவ்வொரு விருந்தாளிக்கும் உள்ள கடமை. ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வர முடியாது.

1. பத்திரிகை. இரண்டு நேரம் போட்டிருக்கும். 5:30 வரவேற்பு, 6:30 ஹுப்பா என்பதுபோல. ஹுப்பா என்றால் மணப்பந்தல், அதன் கீழ் நடக்கும் சடங்குக்கும் அதே பெயர். அது பெரும்பாலும் தாமதமாகும், ஆனால் முதல் நேரத்துக்கே போய்விடுங்கள். செவ்வாய்க்கிழமை கல்யாணம் என்றால் வியக்க வேண்டாம். ஞாயிறு முதல் எண்ணினால் செவ்வாய் மூன்றாம் நாள். பைபிளின் படைப்புக் கதையில் மூன்றாம் நாளுக்கு 'நல்லது' என்ற சொல் இரண்டு முறை வருவதால் அது ராசியான நாள்.

2. உடை. பெண்களுக்குத் தோளும் முழங்கையும் முழங்காலும் மறைய வேண்டும். சேலை தாராளமாகக் கட்டலாம், ஆனால் ரவிக்கைக் கை முழங்கையைத் தாண்டட்டும், இடுப்பு தெரிய வேண்டாம். வெள்ளை மணப்பெண்ணுக்குரியது. ஆண்களுக்குக் கோட்டும் தலையில் கிப்பா என்ற குல்லாவும். கிப்பா வாசலில் கூடையில் இருக்கும், பல சமயம் உட்புறத்தில் மணமக்கள் பெயரும் தேதியும் அச்சிட்டிருக்கும். சாட்டின் துணி என்றால் வழுக்கி விழும், ஒரு ஹேர்பின் கொண்டுபோங்கள்.

3. கைகுலுக்கல். எதிர்பாலரிடம் நீங்களாகக் கை நீட்டாதீர்கள். குடும்பத்தாரல்லாத எதிர்பாலரைத் தொடுவதில்லை என்பது பலருக்கு விதி. தலையசைத்து 'மஸல் தோவ்' (வாழ்த்துகள்) என்றால் போதும்.

4. முகத்திரை. ஆண்கள் பாடிக்கொண்டே மணமகனை மணமகளிடம் அழைத்துவருவார்கள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரையை இறக்குவான். யாக்கோபு விரும்பிய ராகேலுக்குப் பதில் அவள் அக்கா லேயாளை அவனுக்குக் கட்டிவைத்த பைபிள் கதையை இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். வழியை மறிக்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

5. ஹுப்பா. நான்கு கம்பங்கள், மேலே ஒரு துணி. திறந்த வானத்தின் கீழ் இருப்பது நல்லது என்பதால் சில மண்டபங்களில் கூரையே திறக்கும். அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) வழக்கத்தில் மணமகள் மணமகனை ஏழு சுற்று வருவாள். பிறகு மணமகன் அவளுடைய வலது ஆள்காட்டி விரலில் கல் பதிக்காத மோதிரம் போடுவான். கல் இருந்தால் மதிப்பில் குழப்பம் வரும் அல்லவா? அடுத்து கெதுபா என்ற மண ஒப்பந்தத்தை அரமேய மொழியில் வாசிப்பார்கள். அங்கிருக்கும் பலருக்கும் அது புரியாது, கவலை வேண்டாம். ஏழு ஆசிகள் முடிந்ததும் மணமகன் துணியில் சுற்றிய கண்ணாடிக் கோப்பையை மிதித்து உடைப்பான். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்த துக்கத்தின் நினைவு அது. மோதிரம் போட்டதுமே கைதட்டுவது புதியவர்கள் செய்யும் தவறு. கோப்பை உடையும் சத்தம் வரட்டும், பிறகு எல்லாரோடும் சேர்ந்து 'மஸல் தோவ்!' என்று கத்துங்கள்.

6. மணமக்கள் காணாமல் போவார்கள். ஒரு தனி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள், வெளியே சாட்சிகள் காவல். காலையிலிருந்து விரதம் இருந்தவர்கள் அங்கேதான் முதல் வாய் சாப்பிடுவார்கள். பிறகு புகைப்படம். கல்யாணம் முடிந்துவிட்டது என்று இந்த இடைவெளியில் கிளம்பிவிடாதீர்கள், ஆட்டம் இனிமேல்தான்.

7. பந்தி. ரொட்டிக்கு முன் இரண்டு கைப்பிடி உள்ள குவளையால் கை கழுவுவார்கள். கழுவியவர் ரொட்டியைக் கடிக்கும் வரை பேசமாட்டார். நீங்கள் பெயர் கேட்டால் ஜாடைதான் பதில், கோபம் என்று நினைக்காதீர்கள். விருந்தில் இறைச்சி இருந்தால் பால் வராது, காபிக்கும்கூட. சைவம் என்றால் வருகையை உறுதிசெய்யும்போதே சொல்லிவிடுங்கள். வெளி உணவும் ஒயினும் கோஷர் என்ற யூத உணவு விதிக்கு இடைஞ்சல், எதையும் கொண்டுபோகாதீர்கள்.

8. ஆட்டம். நடுவே தடுப்பு, ஆண்களும் பெண்களும் தனித்தனி வட்டம். கையைக் கோத்துச் சுற்றினால் போதும், அடவு எதுவும் தெரிய வேண்டாம். உள்வட்டம் நெருங்கிய சொந்தத்துக்கு, முதல் பாட்டுக்கு வெளிவட்டமே நல்லது. மணமக்களை நாற்காலியோடு தூக்கும்போது பக்கத்தில் போய் நிற்காதீர்கள். பெண்கள் குதிகால் இல்லாத செருப்பு ஒன்று பையில் வைத்துக்கொள்ளலாம்.

9. மொய். நாம் 101 வைப்பதுபோல் அவர்களுக்கு 18இன் மடங்கு: 54, 108, 180 டாலர். 'ஹாய்', அதாவது உயிரோடிருப்பது, என்ற சொல்லின் இரண்டு எழுத்துகளின் மதிப்பு 8, 10. உறையில் காசோலை வைத்தால் போதும்.

சாப்பாடு முடிந்ததும் நன்றி ஜெபத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் தருவார்கள், ஏழு ஆசிகளும் மறுபடி வரும். மறுநாள் வேலை இருந்தால் அதற்கு முன்பே சொல்லிக்கொண்டு கிளம்பலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.