கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் முதலில் கூரையைப் பாருங்கள்

மே மாதத்தில் ராத்திரி பத்து மணிக்கு நாற்காலி போட்டு ஏறி, வீட்டின் காங்கிரீட் தளத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுடும். பகலெல்லாம் வாங்கிய வெயிலைத் தளம் விடிய விடிய நம் தலைமேல் இறக்குகிறது, ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது. அதனால் புதிதாக வீடு கட்டும் யார் கேட்டாலும், ஏசி எத்தனை டன் என்பதை அப்புறம் பேசலாம், மொட்டை மாடிக்கு மேல் என்ன போடப் போகிறீர்கள் என்றுதான் நான் கேட்பேன்.

பழைய முறையே போதும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலம் போட்டு, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்து, மேலே தட்டோடோ வெள்ளை நிற கூலிங் டைல்ஸோ பதியுங்கள். கையில் பணம் இல்லையா, கோடைக்கு முன்னால் வருடா வருடம் கெட்டியாக வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், அதற்கே வித்தியாசம் தெரியும். சோலார் போடும் எண்ணம் இருந்தால் பேனலைக் கொஞ்சம் உயரத் தூக்கி நிறுத்துங்கள், மின்சாரத்தோடு நிழலும் கிடைக்கும்.

அடுத்தது காற்று. இங்கே மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கடற்காற்று வரும். அந்தப் பக்கம் பாத்ரூமைக் கட்டிவிட்டு, மேற்கு வெயில் அடிக்கும் சுவரை ஒட்டிப் படுக்கையறை வைத்த வீடுகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. மேற்கே மாடிப்படி, ஸ்டோர் ரூம் வரட்டும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலும் திறப்பு வேண்டும், வந்த காற்று வெளியே போக வழியிருந்தால்தான் உள்ளே வரும். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைத் தெருவில் நின்றாவது பாருங்கள். கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தது, 1930களின் இறுதியில் கட்டத் தொடங்கினார்கள். வடக்கு, தெற்கு முகங்கள் முழுக்கத் திறந்து மூடும் பட்டைகள், கூரைக்கு மேல் காற்று புக இடம் விட்டு இன்னொரு கூரை. ஏசியை நம்பிக் கட்டாத கட்டடம் அது.

இனி உப்புக்காற்று. இதில்தான் நம் ஊரில் நிறையப் பேர் ஏமாறுகிறோம். தேவனாம்பட்டினம் பக்கம் நாங்கள் குடியிருந்த வீட்டின் சன்ஷேடு ஒரு நாள் காலையில் கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. போய்ப் பார்த்தால் கம்பி துரு ஏறி ஊதி, விரலால் தட்டினால் செதில் செதிலாக உதிர்கிறது, அதன் மேல் இருந்த காங்கிரீட் அரை அங்குலம்கூட இல்லை. கம்பி கட்டும்போது கீழே ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், காங்கிரீட் போடும்போது மிதித்ததில் அது நகர்ந்துவிட்டது. கடற்கரைக் காற்று நேரடியாகப் படும் காங்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி சொல்வது குறைந்தது எம்30 தரம் (அது காங்கிரீட்டின் வலிமை அளவு), கம்பிக்கு 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் காங்கிரீட்டின் கனம். எனவே அந்தக் கனம் குறையாமல் கம்பிக்கு முட்டுக் கொடுக்கும் கவர் பிளாக் வாங்கிக் கொடுத்து, காங்கிரீட் போடும் அன்று காலையில் நீங்களே ஸ்கேலை எடுத்துக்கொண்டு சென்ட்ரிங் மேல் ஏறி அளந்து பாருங்கள், மேஸ்திரி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஜன்னலுக்கு இரும்பு வேண்டாம், பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரம் கிடைத்தால் விடாதீர்கள்.

மழைநீர்த் தொட்டியை வீட்டோடு சேர்த்தே கட்டிவிடுங்கள், பிறகு தரையைத் தோண்ட மனசு வராது. 1000 சதுர அடி மாடியில் ஒரே நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 9,300 லிட்டர், ஐப்பசி கார்த்திகையில் அப்படிப்பட்ட நாட்கள் நமக்குப் புதிதல்ல. கடலை ஒட்டிய இடத்தில் போர்வெல்லில் உறிஞ்ச உறிஞ்ச தண்ணீர் உப்பாகிறது, சமைக்க இந்தத் தண்ணீர்தான் கைகொடுக்கும். 10க்கு 8 அடி, 6 அடி ஆழத்தில் தொட்டி கட்டினால் சுமார் 13,500 லிட்டர் பிடிக்கும். தொட்டியின் வாய் தெரு மட்டத்தைவிட நன்றாக உயரமாக இருக்கட்டும், 2015 வெள்ளம் போல் வந்தால் சாக்கடைத் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். முதல் மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள், அது மாடியைக் கழுவட்டும். அதற்குக் குழாயில் தனியாக ஒரு வால்வு வைத்தால் போதும்.