புதன் இரவு ஏழு மணி: வாங்கி வைத்த போர்டு கேம்களை ஆட ஒரு வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டு அலமாரியில் பதினான்கு போர்டு கேம் பெட்டிகள் உண்டு. 2023-ல் அவற்றில் பாதியாவது மாதம் ஒரு முறை மேசைக்கு வந்துவிடும். லோட்ஷெடிங்தான் காரணம், அதாவது மின்சாரம் போதாமல் பகுதி பகுதியாக முறை வைத்துக் கரண்ட்டை நிறுத்துவது. நம் தெருவில் எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று முன்பே தெரியும். டிவி இல்லை, வைஃபை இல்லை. சார்ஜ் விளக்கைச் சுற்றி இரண்டு மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்துவிடுவோம்.

2024 மார்ச் கடைசியில் அது நின்றது. நிம்மதிதான். ஆனால் ஜூலையில் கார்கசோன் பெட்டியை (சாலை, நகரம், வயல் வரைந்த சதுர அட்டைகளை ஓரம் பொருந்தச் சேர்த்து ஊர் கட்டும் ஆட்டம்) திறந்தபோது பூசண வாடை குப்பென்று அடித்தது. நாலு மாதம் யாரும் தொடவே இல்லை. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்: மின்சார வாரியம் குறித்துக் கொடுத்த அந்த இரண்டு மணி நேரத்தை இனி நாமே குறித்துக்கொள்வோம்.

முதலில் கிழமை. "ஒரு நாள் ஆடலாம்" என்று சொன்ன ஆட்டம் எதுவும் எங்கள் வீட்டில் நடந்ததில்லை. வெள்ளி கோயில், விரதம். சனி, ஞாயிறு கல்யாணம், விசேஷம். புரட்டாசி வந்தால் இங்கே தமிழ் வீடுகளில் மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது, சனிக்கிழமை பூஜைக்கு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். அதனால் புதன், ஏழிலிருந்து ஒன்பது. முடியும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவர்களும் அப்போது தயங்காமல் வருவார்கள்.

எந்த ஆட்டம் என்பதைத் திங்கட்கிழமையே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறோம். வாரம் ஒருவர் தேர்ந்தெடுப்பார், மற்றவர்கள் மறுப்பதில்லை. புதன் இரவு அலமாரி முன்னால் நின்று பேச ஆரம்பித்தால் அரை மணி நேரம் அதிலேயே போகும். புது ஆட்டம் என்றால் அடுத்தடுத்து மூன்று வாரம் அதையே வையுங்கள். முதல் வாரம் விதி புரியவே சரியாகிவிடும். மூன்றாவது வாரம்தான் ருசி தெரியும்.

விதிப்புத்தகத்தை மேசையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பது ஆட்டத்தைக் கொன்றுவிடும். தேர்ந்தெடுத்தவர் முந்தின நாளே தனியாக உட்கார்ந்து, இரண்டு பேர் ஆட்டத்தையும் தானே ஒரு கால் மணி நேரம் ஆடிப் பார்க்க வேண்டும். அப்புறம் மற்றவர்களுக்குச் சொல்லும்போது, எப்படி ஜெயிப்பது என்பதிலிருந்து தொடங்குங்கள். கார்கசோனில் வயலில் ஆள் வடிவக் காயைப் படுக்க வைக்கும் விதியை முதல் இரண்டு ஆட்டத்துக்கு விட்டுவிடுங்கள். சாலை, நகரம், மடம் மூன்றும் போதும்.

ஏழு மணிக்கு ஆள் வரும்போது பலகை விரித்து, காய் பிரித்து, தயாராக இருக்க வேண்டும். எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். கார்கசோனில் 72 சதுர அட்டைகள். தொடக்க அட்டைக்கு மட்டும் பின்பக்கம் வேறு நிறம். அதை நடுவில் வைத்து, மற்றதைக் கலைத்துக் கவிழ்த்து அடுக்கிவிடுவேன். பக்கத்து வீட்டு ஆயா வந்து உட்கார்ந்ததும் மேல் அட்டையை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்து, நான்கு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்ப்பார். என் மகனின் நகரத்தில் ஒரே ஒரு இடைவெளி. அங்கே பொருந்துகிற அட்டை வராதபடி அதன் பக்கத்தில் ஒரு சாலையைக் கொண்டுவந்து முட்ட வைத்தார். பையன் வாயடைத்துப் போனான்.

வயதானவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைக்காதீர்கள். டர்பன் வீடுகளில் தலைமுறையாக ஆடுகிற 'தண்ணி' சீட்டில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11. அதை மனக்கணக்காகப் போடுகிறவர்களுக்கு இரண்டிரண்டு புள்ளியாக நகரத்தை எண்ணுவது பெரிய காரியமில்லை. யாராவது தாமதமாக வந்தால் அதுவரை நாங்கள் ஆடுவதும் தண்ணிதான்.

சாப்பாட்டை ஏழுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவது) சாப்பிட்ட கையோடு அட்டையைத் தொட்டால் அந்தக் குழம்புக் கறை போகவே போகாது. மேசையில் வறுத்த கடலை மட்டும், அதுவும் ஸ்பூன் போட்டு. கடற்கரை ஊர் ஈரத்துக்குக் காய்களை ஜிப் பையில் போட்டு, பெட்டிக்கு இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைக்கிறேன். பையில் பிரித்து வைத்தால் அடுத்த முறை விரிப்பதும் ஐந்து நிமிட வேலை.

ஆள் குறைந்தால் ரத்து செய்யாதீர்கள். நானும் வீட்டுக்காரரும் மட்டும் என்றால் பேட்ச்வொர்க் என்ற ஆட்டம். அது இரண்டு பேருக்கென்றே செய்தது, அரை மணி நேரத்தில் முடியும். ஒன்றிரண்டு புதன் விட்டுப்போனால் மறுபடி ஆரம்பிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த நாலு மாதத்தில் பார்த்துவிட்டேன்.

ஒன்பது அடித்ததும், ஆட்டம் முடியாவிட்டாலும் பலகையைப் போனில் படம் எடுத்து, புள்ளியைக் குறித்துவைத்து மூடிவிடுவோம். அடுத்த திங்கள் அந்தப் படத்தைத்தான் முதலில் அனுப்புவேன்.