வார்டுக்குத் திரும்பும் மிஸிமாருக்கு

சில வருட இடைவெளிக்குப் பிறகு மருத்துவமனையில் மிஸி (தாதி) வேலைக்குத் திரும்புகிறவர்கள், தாதியர் பதிவு எந்த நிலையில் இருக்கிறது என்பதை முதலில் கேட்டறியுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருந்தாலும் எதிர்ப்புச் சக்தி அளவு 10 mIU/mL-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று இரத்தத்தில் பாருங்கள்.

கை வேலை சீக்கிரம் திரும்பி வரும். கணக்குதான் மறந்திருக்கும். 500 மில்லி சேலைனை 8 மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும், செட் 20 துளிக்கானது (20 துளி சேர்ந்தால் 1 மில்லி) என்றால் 500 × 20 ÷ 480 நிமிடம். நிமிடத்துக்குச் சுமார் 21 துளி. பைக்கட்டைப் பார்க்காமல் 60 துளி செட் என்று நினைத்துக் கணக்கிட்டால் 63 வரும். அந்த வேகத்தில் போத்தல் 2 மணி 40 நிமிடத்தில் முடிந்துவிடும். இதயம் பலவீனமான முதியவருக்கு நுரையீரலில் நீர் கோர்க்க அதுவே போதும். தினம் பத்துக் கணக்கு வீட்டிலேயே போட்டுப் பழகுங்கள்.

தேயிலைத் தோட்டப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் குளவிக் கொட்டு எந்நேரமும் வரும். மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் முதல் மருந்து அட்ரினலின்தான். ஒவ்வாமைக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமினும் ஹைட்ரோகோர்டிசோனும் அதற்கு ஈடாகாது. அவற்றை முதலில் தேடுவதில் நேரம் போய்விடுகிறது. அட்ரினலின் அம்பியூலில் (சின்னக் கண்ணாடிக் குப்பி) 1 மில்லியில் 1 மில்லிகிராம் இருக்கும். பெரியவருக்கு அதில் பாதி, 0.5 மில்லி, தொடையின் நடு வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். பதற்றத்தில் முழு அம்பியூலையும் உறிஞ்சுவதும், கனியூலா (இரத்த நாளத்தில் செருகிய சிறு குழாய்) இருக்கிறதே என்று நரம்பில் ஏற்றுவதும் ஆபத்தான பிழைகள். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி போடலாம். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள்.

நுவரெலியா குளிரில் விரல் சில்லிட்டிருந்தால், விரலில் மாட்டும் கருவி ஒட்சிசன் அளவைத் தவறாகக் காட்டும். விரலைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மீண்டும் பாருங்கள். நரம்பு கிடைக்காத கைக்கும் இதே வழிதான்: சூடான துணியைச் சுற்றி, கையைத் தொங்கவிட்டுச் சற்றுப் பொறுங்கள்.

தமிழும் சிங்களமும் தெரிந்த மிஸியைத்தான் டொக்டர் மொழிபெயர்க்கக் கூப்பிடுவார். "மேலுக்கு முடியல" என்று ஒரு அம்மா சொன்னால் அதைக் "காய்ச்சல்" என்று சுருக்கிவிடாதீர்கள். எங்கே, எப்போதிருந்து, மலை ஏறும்போது கூடுகிறதா என்று கேட்டு, அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்.