ஆழமற்ற கடலில் வழிகாட்டுவோருக்கான படகு: தொடக்கநிலையினர் தேர்ந்தெடுக்கும் முறை

முழங்காலளவு நீரில் மேயும் மீனைக் கண்ணால் கண்டு, ஓசையின்றி அதன் அருகே சென்று தூண்டில் வீசுவதுதான் ஆழமற்ற கடற்பரப்பு மீன்பிடிப்பு. அமெரிக்காவின் புளோரிடா கீஸ் தீவுகளையும் பிஸ்கேன் விரிகுடாவையும் சுற்றி போன்ஃபிஷ், பெர்மிட், டார்ப்பன் ஆகிய மீன்களைத் தேடி, பணம் பெற்றுக்கொண்டு வாடிக்கையாளர்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளின் தேவையிலிருந்தே இதற்கான தனிவகைப் படகு உருவானது. மீன் இருக்கும் இடத்துக்குச் சற்று முன்பே என்ஜினை நிறுத்தி உயர்த்திவிட்டு, பின்புற மேடையில் ஏறி நின்று, நீண்ட ஓடக்கோலை ஊன்றித் தள்ளிச் செல்லும் படகு அது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் விளம்பர ஏட்டில் அச்சிட்டிருக்கும் ஒரே ஓர் எண்ணைப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். எத்தனை அங்குல நீரில் இந்தப் படகு மிதக்கும் என்பதே அந்த எண். அது முக்கியமானதுதான். ஆனால் இரண்டு வாடிக்கையாளர்களை ஏற்றிக்கொண்டு நாள் முழுவதும் காற்றிலும் வெயிலிலும் ஓடக்கோல் ஊன்றப் போகிறவருக்கு அந்த எண் பாதிச் செய்தியைக்கூடச் சொல்வதில்லை. மீதிச் செய்தியை எந்த வரிசையில் கேட்டு அறிவது என்பதைக் கீழே சொல்கிறேன்.

படி 1: படகைப் பார்ப்பதற்கு முன் உங்கள் நீரை எழுதிக்கொள்ளுங்கள்

நீங்கள் ஆண்டில் பெரும்பாலான நாள்களில் மீன்பிடிக்கும் இடங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நீர் வற்றும்போது அங்கே எஞ்சும் ஆழம் எவ்வளவு, அடித்தரை மணலா சேறா கடற்புல்லா, படகு இறக்கும் துறையிலிருந்து அங்கே போய்ச் சேர எவ்வளவு தொலைவு திறந்த நீரைக் கடக்க வேண்டும் என்பவையே அவை. மூன்றாவது விவரத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். துறைக்குப் பக்கத்திலேயே மீன் கிடைக்கிறது என்றால் தட்டையான அடிப்பரப்புள்ள இலேசான படகு போதும். அகலமான விரிகுடா ஒன்றைப் பிற்பகல் காற்றில் கடந்துதான் திரும்ப வேண்டும் என்றால், அதே படகு வாடிக்கையாளரின் முதுகெலும்பை உலுக்கி எடுத்துவிடும்.

வாடிக்கையாளர் எத்தகையவர் என்பதையும் இதே தாளில் எழுதுங்கள். ஒருவரை மட்டும் அழைத்துச் செல்பவருக்கும் இருவரை அழைத்துச் செல்பவருக்கும் ஒரே படகு பொருந்தாது. ஃபிளை தூண்டில் (இறகு, நூல் போன்றவற்றால் கட்டிய இலேசான செயற்கை இரை கொண்ட தூண்டில்) வீசுபவருக்கு வேண்டிய முன்தளம் ஒரு வகை. உயிர் இரை கட்டி வீசுபவருக்கு வேண்டிய இரைத்தொட்டியும் பம்பும் வேறு வகை.

படி 2: முழுச் சுமையோடு கணக்கிடுங்கள்

படகு தன் மொத்த எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கி மிதக்கிறது. ஆகவே நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் படகைக் கீழே இறக்கும். 18 அடி நீளமுள்ள ஒரு படகு நீர்மட்டத்தில் ஏறத்தாழ 5 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்பகுதி குறுகிச் செல்வதைக் கழித்தால் நீர்மட்டத்தில் அது பிடிக்கும் பரப்பு சுமார் 6.4 சதுர மீட்டர். கடல்நீரின் எடை கன மீட்டருக்குச் சுமார் 1,025 கிலோ என்பதால், இந்தப் படகில் 65 கிலோ ஏறும்போதெல்லாம் அது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அமிழும்.

இப்போது உங்கள் சாதாரண வேலைநாளின் சுமையைக் கூட்டிப் பாருங்கள். நீங்களும் இரு வாடிக்கையாளர்களும் சேர்ந்து 240 கிலோ, 60 லிட்டர் பெட்ரோல் 45 கிலோ, பனிக்கட்டியும் குடிநீரும் 40 கிலோ, பேட்டரிகளும் தூண்டில்களும் நங்கூரமும் மற்றவையும் 60 கிலோ என்றால் மொத்தம் 385 கிலோ ஆகிறது. வெறும் படகு மிதக்கும் ஆழத்தோடு சுமார் 6 சென்டிமீட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று இதற்குப் பொருள். அந்த எடை பின்புறத்தில் குவிந்தால் பின்பகுதி இன்னும் ஆழமாக இறங்கும். படகு தரைதட்டுவதும் அங்கேதான். அதனால், அச்சிட்டிருக்கும் எண் எத்தனை பேரோடும் எவ்வளவு எரிபொருளோடும் எந்த என்ஜினோடும் அளந்தது என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அந்த எண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

மிதக்கும் ஆழம் ஒன்று, என்ஜினை முடுக்கிப் படகு நீர்மேல் எழுந்து ஓடத் தேவைப்படும் ஆழம் வேறொன்று. வேகமெடுக்கும் தருணத்தில் படகின் பின்பகுதி கீழே அழுந்துவதாலும் புரொப்பெல்லருக்கு நீர் வேண்டியிருப்பதாலும் இரண்டாவது ஆழம் முதலாவதைப் போல இருமடங்குக்கும் மேலாகவே இருக்கும். இதை மறந்து புல்வெளிமேல் முடுக்கினால் புரொப்பெல்லர் கடற்புல்லை வேரோடு அறுத்துத் தள்ளிவிடும். அந்த வடு ஆறப் பல ஆண்டுகள் ஆகும். மீன்கள் மேயும் இடமும் இறால் குஞ்சுகள் வளரும் இடமும் அதுதான் என்பதால், இதில் கவனமில்லாத வழிகாட்டி தன் பிழைப்பையே அறுக்கிறார். புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவின் ஸ்நேக் பைட் பகுதியில் 2011 முதல் ஓடக்கோலாலோ மின்சார டிரோலிங் மோட்டாராலோ (படகை மெதுவாக நகர்த்தும் சிறிய மோட்டார்) மட்டுமே செல்ல வேண்டிய மண்டலம் நடைமுறையில் இருக்கிறது. அத்தகைய நீரில் உழைக்கப் போகிறவர் எளிதில் தள்ளக்கூடிய படகையே முதலில் தேட வேண்டும்.

படி 3: அடிப்பரப்பின் வடிவத்தையும் ஓசையையும் ஆராயுங்கள்

பின்புறத்திலிருந்து பார்க்கும்போது அடிப்பரப்பு வி வடிவில் எத்தனை பாகை சரிந்திருக்கிறது என்று கேளுங்கள். சரிவு குறையக் குறையப் படகு மேலே மிதக்கும், நின்றால் ஆடாது, ஆனால் சிற்றலையில் அடி வாங்கும். சரிவு கூடினால் அலையை அறுத்துக்கொண்டு மென்மையாக ஓடும், ஆனால் சற்று ஆழமாக அமிழும். முன்பகுதியில் கூர்மையாகத் தொடங்கிப் பின்பகுதியில் ஏறக்குறையத் தட்டையாக முடியும் வடிவம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. பல வழிகாட்டிகளுக்கு அதுவே பொருந்தும்.

புரொப்பெல்லருக்கு இடம்விட்டு அடிப்பரப்பில் குடைந்த சுரங்க வடிவப் படகுகளும் உண்டு. என்ஜினை மேலே ஏற்றி மிகக் குறைந்த நீரிலும் ஓட்டலாம் என்பது அவற்றின் வலிமை. குடைந்த இடத்தில் மிதப்பு குறைவதால் அதே எடையில் பின்பகுதி சற்று ஆழமாக இறங்கும் என்பது குறை. ஓட்டம் அதிகமாகவும் ஓடக்கோல் வேலை குறைவாகவும் இருப்பவர்களுக்கு அது ஏற்றது.

எனினும் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பது ஓசையைத்தான். சிற்றலை வந்து படகின் முன்பக்க விளிம்பின் அடியில் மோதும்போது எழும் 'சளக், சளக்' என்ற ஒலி நீருக்குள் வெகுதூரம் செல்லும். கண்ணுக்குத் தெரிந்த மீன் தூண்டில் எட்டும் தூரத்துக்குள் வருமுன்பே விலகிப் போவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தாலும் ஓசையில்லாமல் நகரும் படகு, மேலே மிதந்துகொண்டு சளசளக்கும் படகைவிட அதிக மீனுக்கு அருகில் உங்களைக் கொண்டு சேர்க்கும் என்பது என் உறுதியான கருத்து.

படி 4: மேடையிலும் தளத்திலும் நின்று பாருங்கள்

ஓடக்கோல் மேடை என்ஜினுக்கு மேலே அமைந்திருக்கும். 1970களில் பிஸ்கேன் விரிகுடா வழிகாட்டி பில் கர்ட்டிஸ் இதை முதலில் அமைத்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. மேடை உயர்ந்தால் பார்வைக் கோணம் கூடி மீன் எளிதில் தென்படும். ஆனால் காற்று உங்களைப் பிடித்துத் தள்ளும், சமநிலையும் குறையும். நாள் முழுவதும் வெறுங்காலோடு நிற்கும் இடம் என்பதால் மேற்பரப்பு வழுக்காமல் இருக்கிறதா என்றும், ஏறி இறங்கும் படி உறுதியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடக்கோல் பொதுவாக 18 முதல் 21 அடி வரை இருக்கும். கண்ணாடியிழைக் கோல் விலை குறைவு, எடை அதிகம். கார்பன் கோல் இலேசானது. தோள்வலி வந்த பிறகு மாற்றுவதைவிட முதலிலேயே இலேசானதை வாங்குவது நல்லது.

பிறகு முன்தளத்துக்கு வாருங்கள். ஃபிளை தூண்டில் வீசுபவர் கயிற்றைக் கையால் இழுத்து இழுத்துத் தன் காலடியில் சுருள் சுருளாக விடுகிறார். மீன் கவ்வி ஓடத் தொடங்கியதும் அந்தச் சுருள்கள் அனைத்தும் கண்ணிமைக்கும் நேரத்தில் தளத்திலிருந்து எழும்பிப் பறக்கும். அந்த நேரத்தில் நங்கூரக் கயிறு கட்டும் கொக்கியோ, மூடியின் தாழ்ப்பாளோ, ஒரு திருகாணியின் தலையோ அரை அங்குலம் துருத்திக்கொண்டிருந்தால் போதும்; கயிறு அதில் சிக்கி, அன்றைய ஒரே மீன் அறுத்துக்கொண்டு போய்விடும். உங்கள் உள்ளங்கையால் தளம் முழுவதையும் தடவிப் பாருங்கள். கொக்கிகள் தேவையில்லாதபோது உள்ளே அமிழ்ந்துவிட வேண்டும், மூடிகள் தளத்தோடு சமமாக உட்கார வேண்டும், 9 அடித் தூண்டில்கள் பக்கச்சுவரின் அடியில் முனை வளையாமல் படுக்க வேண்டும். முன்னும் பின்னும் போக விளிம்பில் ஒரு பாதம் முழுவதுமாகப் பதிகிறதா என்பதையும் நடந்தே பாருங்கள்.

படி 5: என்ஜினும் துணைக்கருவிகளும்

குதிரைத்திறனைக் காட்டிலும் எடையைப் பற்றி முதலில் கேளுங்கள். 70 குதிரைத்திறன் கொண்ட நான்கு-ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் என்ஜின்) வகைகளில் இலேசானதே சுமார் 120 கிலோ இருக்கும். அது முழுவதும் படகின் கடைசி விளிம்பில் தொங்குகிறது. என்ஜினை மேலும் கீழும் நகர்த்தும் ஜாக் பிளேட் குறைந்த நீரில் ஓட உதவும், ஆனால் அதுவும் எடைதான். அதைப் பொருத்துபவர்கள் குளிர்விக்கும் நீரின் அழுத்தம் காட்டும் மானியையும் கட்டாயம் பொருத்த வேண்டும். என்ஜின் உயரும்போது நீர் உறிஞ்சும் துளை வெளியே வந்துவிட்டால் என்ஜின் சூடேறிக் கெட்டுப்போகும். டிரிம் டேப் (பின்பலகையின் அடியில் சாய்வை மாற்றக்கூடிய சிறு தகடுகள்) இல்லாத படகை வாங்க வேண்டாம்: முன்பகுதி வானத்தைப் பார்த்து எழாமல், குறைந்த தூரத்தில் படகு சமமாக எழ அது உதவுகிறது. டிரோலிங் மோட்டார் வைப்பதென்றால் லித்தியம் பேட்டரியைப் பரிசீலியுங்கள். அதே திறனுள்ள ஈய பேட்டரியின் எடையில் பாதிகூட அது வராது.

படி 6: கட்டுமானமும் சட்டமும்

என்ஜின் மாட்டும் பின்பலகைக்குள் மரம் இருக்கிறதா, அழுகாத நுரைப்பொருள் இருக்கிறதா என்று கேளுங்கள். மரத்துக்குள் நீர் கசிந்தால் வெளியே தெரியாமலே உளுத்துவிடும். மூடிகளைத் திறந்து, கண்ணுக்குத் தெரியாத இடங்களில் கண்ணாடியிழை வேலை எப்படி முடிந்திருக்கிறது, மின்கம்பிகள் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கின்றனவா, படகின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப்பைக் கை விட்டு எடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

அமெரிக்காவில் பணம் பெற்றுக்கொண்டு மோட்டார் படகில் ஆள்களை அழைத்துச் செல்ல கடலோரக் காவல்படையின் கேப்டன் உரிமம் தேவை. 20 அடிக்குக் குறைந்த இவ்வகைப் படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று குறிக்கும் தகடு இருக்கும். நீங்களும் அந்த எண்ணிக்கையில் அடக்கம். 26 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில், ஓட்டுபவர் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கயிறு அல்லது கருவியை வேகமாக ஓட்டும்போது அணிய வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. காப்பீடு எடுக்கும்போது தொழில் பயன்பாடு என்று சொல்லியே எடுங்கள்.

படி 7: நீரில் சோதியுங்கள்

அமைதியான காலை நேரத்தில் எல்லாப் படகும் நன்றாகத்தான் இருக்கும். காற்று மணிக்கு 25 கிலோமீட்டர் அளவில் வீசும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். படி 2இல் கூட்டிய சுமையை, ஆள்கள் கிடைக்காவிட்டால் நீர் நிரப்பிய கேன்களாகவாவது, ஏற்றுங்கள். பின்பலகையின் மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்து மேல்நோக்கிச் சென்டிமீட்டர் குறித்த ஒட்டுநாடாவை ஒட்டி, நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று நீங்களே படியுங்கள்.

அடுத்து அரைமணி நேரமாவது ஓடக்கோல் ஊன்றுங்கள். காற்றுக்கு எதிராகவும், காற்றோடும், குறுக்காகவும் தள்ளிப் பாருங்கள். படகு நேராகச் செல்கிறதா, ஒவ்வோர் ஊன்றலுக்கும் முகம் திரும்புகிறதா, மீன் பக்கவாட்டில் தெரிந்தால் உடனே திருப்ப முடிகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பிறகு ஓடக்கோலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, இடுப்பளவு நீரில் இறங்கிப் படகுக்கு முன்னால் சற்றுத் தூரத்தில் நில்லுங்கள். அலைக்கு நேராகவும் சாய்வாகவும் படகை உங்களை நோக்கி வரச் சொல்லிக் காது கொடுங்கள். மீனுக்குக் கேட்பது என்ன என்று அறிய இதைவிட நேரான வழி இல்லை.

கடைசியாக, முழுச் சுமையோடு எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு தூரத்தில் படகு எழுகிறது என்று புல் இல்லாத மணல் தரையில் சோதியுங்கள். இந்த அளவுகளைத் தேதியிட்டு எழுதி, படகுக்கு முன்பணம் கொடுக்கும்போது ஒப்பந்தத்தில் என்ஜின் வகை, மேடையின் உயரம், பேட்டரி வகை, சுமையோடு மிதக்கும் ஆழம் ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். உங்களுக்காகக் கட்டிய படகு வந்து சேரும் நாளில் அதே ஒட்டுநாடாவை அதே இடத்தில் ஒட்டி, அதே சுமையை ஏற்றி, எண்கள் ஒத்துப்போன பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.