இரண்டு ரூபாய் நோட்டு கிடைத்ததும் இதையெல்லாம் செய்யாதீர்கள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் யார் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தாலும் ஒரு இரண்டு ரூபாய் நோட்டாவது கிடைத்துவிடும், கிடைத்ததும் வருகிற முதல் கேள்வி "இது எத்தனை லட்சம் போகும்?" என்பதுதான். போகாது. கோடிக்கணக்கில் அச்சடித்த நோட்டு அது. "நோட்டு எண்ணில் 786 இருந்தால் வாங்கிக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்று யாராவது போனில் கேட்டால் உடனே வைத்துவிடுங்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

செல்லாத நோட்டு என்று நினைப்பதும் தவறு. அச்சடிக்கும் செலவு கட்டுப்படியாகாமல், சீக்கிரம் கிழிந்தும் போனதால் 1995 பிப்ரவரியில் அச்சிடுவதைத்தான் நிறுத்தினார்கள். சட்டப்படி இன்னும் செல்லும்.

காந்தி படம் இல்லை, கள்ளநோட்டு என்று கிழித்துப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை. காந்தி வரிசை நோட்டுகள் வந்ததே 1996இல்தான், அதற்குள் இந்த நோட்டின் அச்சு நின்றுவிட்டது. 1969இல் காந்தி பிறந்த நூற்றாண்டுக்கு வந்த நோட்டில் மட்டும் காந்தி உண்டு. வெள்ளைக்காரர் காலத்து மன்னர் படம் போட்ட நோட்டை விட்டால், மற்றதில் முன்பக்கம் அசோகர் சிங்கம், பின்பக்கம் பழையதில் புலி, அப்புறம் வந்ததில் ஆரியபட்டா செயற்கைக்கோள். பலர் அதை ஏதோ கட்டம் போட்ட பந்து என்று நினைத்து நோட்டைத் திருப்பிவிடுகிறார்கள். 26 முகம் கொண்ட அந்தச் செயற்கைக்கோளை யு.ஆர். ராவ் தலைமையில் செய்தது நம் பீன்யா தொழிற்பேட்டையின் ஷெட்டுகளில்! 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட்டில் ஏறிப் போனது. இன்று பச்சை மெட்ரோவில் பீன்யாவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இந்த நோட்டுதான் ஞாபகம் வரும். நோட்டில் செயற்கைக்கோள் இருக்கும் பக்கத்திலேயே உள்ள மொழிப் பட்டியலில் தமிழும் கன்னடமும் இருக்கின்றன, தேடிப் பாருங்கள்.

பெரிய நாசம் நடப்பது நோட்டைப் 'புதுசாக்கும்'போதுதான். அழுக்கு போக சோப்புத் தண்ணீரில் அலசுவது, இஸ்திரி போடுவது, கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டுவது, கடைசியில் லேமினேட் செய்வது, இதில் எதைச் செய்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. டேப்பின் பசை சில வருஷத்தில் மஞ்சளாகி மையிலேயே இறங்கிவிடும். மடிப்பு இருந்தால் இருக்கட்டும். பி.வி.சி. கவரும் வேண்டாம், நாளானால் அது பிசுபிசுத்து நோட்டோடு ஒட்டிக்கொள்ளும், பாலியெஸ்டர் கவர் கேட்டு வாங்குங்கள். ஸ்டேப்ளர் பின் குத்திய ஓட்டையைப் பார்த்து நோட்டை ஒதுக்கவும் வேண்டாம், அந்தக் காலத்தில் கட்டுக்கட்டாகப் பின் அடித்துத்தான் வந்தது.

சேர்ப்பதென்றால் கையெழுத்தைப் பார்த்துச் சேருங்கள். ஒரு ரூபாய் நோட்டு அரசாங்கத்தின் நோட்டு, அதில் நிதிச் செயலாளர் கையெழுத்து. இரண்டு ரூபாயில் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்து. மன்மோகன் சிங் இரண்டு பதவியிலும் இருந்ததால் இரண்டு நோட்டிலும் போட்டிருக்கிறார்.