வள்ளத்துக்குப் பூம் பூட்டல்: துளை போட முதல் பாயை ஏற்றுங்கள்

பாய்மரத்திலிருந்து பின்னோக்கி நீண்டு பாயின் அடியை விரித்துப் பிடிக்கும் குழாய்தான் பூம். அதில் ஒரு துளை போடுவதற்கு முன்னர் பாயை முழுதாக ஏற்றிப் பார்க்க வேண்டும். படத்தைப் பார்த்து அளவெடுத்துத் துளைத்தால் கப்பிகள் ஒரு சாண் தள்ளிப் போய் நிற்கும். பிறகு எவ்வளவு நல்ல கயிறு போட்டாலும் பாய் சொன்னபடி கேட்காது. காற்று எழும்பாத விடியற்காலையில் வள்ளத்தைக் கரை மணலில் ஆடாமல் நிறுத்துங்கள். பாயை ஏற்றும் கயிறான ஆஞ்சானை இழுத்துப் பாயை உச்சிவரை ஏற்றி, பூமின் பின்முனையைப் பாயின் பின்மூலையுடன் கட்டுங்கள். பின்முனை முன்முனையைவிடச் சற்று உயர்ந்து நிற்பதே சரி, ஏனென்றால் பூமை உள்ளே இழுத்துப் பிடிக்கும் கயிறான தாமானை இழுத்ததும் அது எப்படியும் கீழே இறங்கும். இந்த நிலையில் வைத்தே எல்லா அடையாளங்களையும் போடுங்கள்.

இங்குள்ள கணக்குகள் 14 அடி வள்ளத்துக்கும் 2.6 மீற்றர் அலுமினியப் பூமுக்கும் உரியவை.

பூமைப் பாய்மரத்துடன் பிணைக்கும் கீலைக் கூஸ்நெக் என்பார்கள். அது பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் தடையின்றி அசைய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால், பூம் மறுபக்கம் வீசியடிக்கும்போது றிவிற்றுகள் பிடுங்கிக்கொண்டு வரும். 4.8 மில்லிமீற்றர் றிவிற்றுக்கு 4.9 மில்லிமீற்றர் துளை போதும். துளைகளைப் பூமைச் சுற்றி ஒரே வளையத்தில் போடாதீர்கள், குழாய் அந்த வளையத்தில்தான் முறியும். முன்பின்னாக மாற்றிப் போடுங்கள்.

உப்புக் காற்றில் துருப்பிடிக்காத உருக்கும் அலுமினியமும் நேரே தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். றிவிற்றைச் சுற்றி மாப்போல வெள்ளைத் தூள் கசிந்திருந்தால் அரிப்புத் தொடங்கிவிட்டது. நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பெயின்ற் குமிழியாகப் பெயர்ந்து, கீழே குழி தெரியும். இதைத் தவிர்க்க இரண்டு உலோகங்களுக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்ரிக் தகடு வைத்து, றிவிற்றை அரிப்புத் தடுக்கும் பசையில் தோய்த்து அடியுங்கள்.

அதிகக் கவனம் வேண்டியது கிக்கர். பாய்மரத்தின் அடியிலிருந்து சரிவாக ஏறி, பூம் மேலே எழும்பாமல் பிடிக்கும் கயிறு அது. 45 பாகைச் சரிவு வேண்டும். கூஸ்நெக்கிலிருந்து பாய்மர அடி வளையம் வரை 50 சென்ரிமீற்றர் என்றால், பூமிலும் கூஸ்நெக்கிலிருந்து 50 சென்ரிமீற்றர் தள்ளிக் கொக்கியைப் பூட்டுங்கள். காற்று பூமின் பின்முனையை 20 கிலோ விசையில் தூக்கினால் இந்தக் கயிறு ஏறத்தாழ 150 கிலோ தாங்க வேண்டியிருக்கும். அதில் 100 கிலோவுக்கு மேல் பூமை முன்னோக்கித் தள்ளிக் கூஸ்நெக்கில் போய் விழும். ஆகவே கிக்கர்க் கொக்கிக்கு இரண்டு றிவிற் போதவே போதாது; பூமைச் சுற்றி அணைக்கும் பட்டி போடுங்கள். இழுப்பதற்கு நாலுமடிப்புக் கப்பி வேண்டும்.

தாமானின் நீளத்தை ஊகிக்காமல் அளவுங்கள். பூமை வெளியே முழுதாகத் தள்ளி, அதன் பின்முனையிலிருந்து வள்ளத்தின் பின்பலகைக் கப்பி வரை நூல் பிடியுங்கள். 3.8 மீற்றர் வந்தால் மூன்று மடிப்புக்கு 11.4, கையில் பிடிக்க ஒன்றரை. 13 மீற்றர் வாங்கினால் சரி. தடிப்பு 8 மில்லிமீற்றர். அதைவிட மெல்லியது கையை அறுக்கும்.

மீன்பிடிச் சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீல நிறப் பொலித்தீன் கயிறு இந்த வேலைக்கு உதவாது. முடிச்சு வழுக்கும், வெயிலில் நார் நாராகப் பொடியும். நைலோன் நங்கூரத்துக்கு நல்லது, ஆனால் ஆஞ்சானுக்குப் போட்டால் நீண்டு பாயைத் தொய்ய விடும். ஆஞ்சானுக்கு 6 மில்லிமீற்றர் பின்னல் பொலியெஸ்ரர் போடுங்கள். நீளம் பாய்மர உயரத்தின் இரு மடங்கும் இன்னும் 2 மீற்றரும். பாய்மரத்தை ஒட்டிய ஓரத்தில் படுக்கைச் சுருக்கங்கள் விழுந்தால் ஆஞ்சான் போதிய இறுக்கமில்லை. அதே ஓரத்தோடு நெடுக மடிப்பு ஓடினால் கூடிவிட்டது.

பலத்த காற்றில் பாயின் பரப்பைக் குறைக்க உதவும் பாய் சுருக்கும் கயிற்றைப் பலர் பிறகு பார்க்கலாம் என்று விடுகிறார்கள். வைகாசி தொடங்கித் தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில், யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் அந்தக் கயிறில்லாமல் போகக்கூடாது. பாயின் பின்னோரத்தில் அந்தக் கயிறு கோக்கும் துளையான சுருக்குக் கண், பாயை இறக்கும்போது பூமில் எங்கே வந்து தொடுகிறதோ, அதிலிருந்து 5 சென்ரிமீற்றர் பின்னே கப்பியைப் பூட்டுங்கள். அப்போதுதான் கயிறு பாயைக் கீழேயும் பின்னேயும் சேர்த்து இழுக்கும். நேர் கீழே பூட்டினால் பாயின் அடி பை போலத் தொங்கி, குறைக்க நினைத்த காற்றையே பிடிக்கும்.

தண்ணீரில் இறக்க முதல் பூமை இரு பக்கமும் கையால் முழுதாகத் தள்ளி, கயிறு எங்கும் உரசவில்லையென்று பாருங்கள். ஷக்கிள் எனும் இணைப்பு வளையங்களின் ஊசிகளைக் கம்பியால் கட்டிவிடுங்கள். தாமானின் நுனியில் எட்டு முடிச்சு ஒன்று போடுங்கள், கை நழுவினாலும் கயிறு கப்பியை விட்டு ஓடாது.