ஸ்டாக்ஹோம் தீவுகளுக்கு போட்ல போறீங்களா, இதெல்லாம் பண்ணாதீங்க

சம்மர்ல ஸ்டாக்ஹோம் வர்றவங்களுக்கு ஒரு நாளாவது தீவுப் பக்கம் போகணும்னு ஆசை வரும், வரணும் தான். ஊருக்குக் கிழக்கால பால்டிக் கடல்ல தீவு, திட்டு, வெறும் பாறைனு எல்லாம் சேத்து சுமார் 30,000 கிடக்கு. ஆனா அந்தத் தண்ணி பாக்க ஏரி மாதிரி சாதுவா இருக்கும், பெரிய அலை கிடையாது, உப்பு கூட சாதாரண கடல்ல இருக்கறதுல ஆறுல ஒரு பங்கு தான், அதப் பாத்து அசால்ட்டா இருந்து பண்ற தப்பு தான் இங்க முக்கால்வாசி.

முதல்ல பொதுப் படகுல, அதாவது வாக்ஸ்ஹோல்ம் கம்பெனி போட்ல போறவங்க விஷயம். மேப்ல ரெண்டு தீவு பக்கத்துல பக்கத்துல இருக்கேன்னு காலைல சாண்ட்ஹாம்ன், சாயங்காலம் ஊத்தோனு பிளான் போடாதீங்க. போட் ரூட் பெரும்பாலும் ஊர்லேந்து வெளிய போகும், திரும்ப ஊருக்கு வரும், தீவு டு தீவு குறுக்கால போற போட் ரொம்பக் கம்மி. இன்னொண்ணு, எல்லாத்துக்கும் சிட்டிலேந்தே போட் ஏறணும்னு அவசியமே இல்ல. சாண்ட்ஹாம்னுக்கு பஸ்ல ஸ்டாவ்ஸ்னேஸ் போய் அங்க ஏறினா நேரம் மிச்சம், ஊத்தோவுக்கு லோக்கல் ட்ரெயின்ல வெஸ்டர்ஹானிங்கே, அங்கேந்து பஸ், அப்புறம் ஓர்ஸ்டா ஜெட்டில, அதாவது படகுத்துறைல, போட். (ஊத்தோ போனா பழைய இரும்புச் சுரங்கத்த பாக்காம வந்துடாதீங்க. அந்தத் தீவுலேந்து எடுத்த கல்லுல தான் 1817ல அர்ஃப்வெட்சன்ங்கறவர் லித்தியத்த கண்டுபுடிச்சார், உங்க கைல இருக்கற ஃபோன் பேட்டரியோட பூர்வீகம் அது.)

சின்னத் தீவுல போட் தானா நிக்கும்னு நினைக்கறது அடுத்த தப்பு. ஜெட்டில கம்பத்துல ஒரு தட்டு இருக்கும், அதத் திருப்பி வச்சா தான் கேப்டனுக்கு இங்க ஆள் இருக்குன்னு தெரியும், இருட்டிட்டா டார்ச் அடிச்சுக் காட்டணும், இதெதுவும் பண்ணாம பெஞ்ச்ல உக்காந்து ஃபோன் நோண்டிட்டு இருந்தா போட் நிக்காமலே போயிடும், அது கடைசி போட்டா இருந்தா அன்னிக்கு ராத்திரி உங்களுக்கு அந்தத் தீவு தான். ஏறினதும் எங்க இறங்கணும்னு ஸ்டாஃப்கிட்ட சொல்லிடுங்க. திரும்பி வரும்போது எந்த ஜெட்டினும் பாத்துக்கணும், கிரிண்டா தீவுல வடக்கு ஒண்ணு தெற்கு ஒண்ணு, மோயா தீவுல பெரி, லோங்விக்னு பல ஜெட்டி, தப்பான ஜெட்டில நின்னா தீவோட அந்தக் கோடிக்கு ஓடணும்.

ஆகஸ்ட்ல வர்றவங்க ஜூன் மாச வீடியோவ பாத்துட்டு வராதீங்க. ஜூன் கடைசில ராத்திரி பத்து மணிக்கு தான் சூரியன் மறையும், ஆகஸ்ட் கடைசில எட்டு மணிக்கே போயிடும். சம்மர் டைம்டேபிளும் ஆகஸ்ட் நடுவுலயே முடிஞ்சுடும், ஸ்கூல் திறந்துடும், கஃபே எல்லாம் வாரக்கடைசி மட்டும்னு போர்டு மாட்டிடுவாங்க. சாப்பாடு கைல எடுத்துக்கோங்க, குடிதண்ணியும் தான், வறண்ட சம்மர்ல தீவுக் கிணத்துல தண்ணி வத்தும், கடல்தண்ணி உள்ள வரும், அவங்க தண்ணிய பிடிச்சுட்டு வரலாம்னு போறது நியாயம் இல்ல.

சரி, இப்ப வாடகைக்கு போட் எடுத்து தானே ஓட்டறவங்க. ஸ்வீடன்ல 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் ரெண்டையும் தாண்டாத போட்டுக்கு லைசென்ஸே வேணாம். கேக்க நல்லா இருக்கு, ஆனா லைசென்ஸ் வேணாம்னா ஈசின்னு அர்த்தம் இல்ல. இங்க ஆபத்து அலைல இல்ல, பாறைல இருக்கு. பனியுகத்துல பனிப்பாளம் தேச்சுட்டுப் போன கிரானைட், தண்ணிக்கு மேல எவ்வளவு தெரியுதோ அதுக்கு மேல உள்ள இருக்கு, நாலாப் பக்கமும் விரிஞ்ச கடல், ஒரு ஈ காக்கா இல்ல, நடுவுல தண்ணிக்கு அரை அடி கீழ ஒரு பாறை. போதாததுக்கு நிலமே மேல எழும்பிட்டு இருக்கு, அந்தப் பனியோட பாரம் போனதால ஸ்டாக்ஹோம் பக்கம் வருஷத்துக்கு கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர், அப்போ தாத்தா காலத்து மேப்ல கால் மீட்டர் ஆழம்னு போட்ட இடத்துல இன்னிக்கு கல்லு எட்டிப் பாக்கும். அலைஏற்றம் அலைஇறக்கம் இங்க இல்லவே இல்லைங்கற அளவுக்கு தான், ஆனா தண்ணி மட்டம் ஒரே நிலைல இருக்கும்னு நம்பிடாதீங்க, காத்தும் காத்தழுத்தமும் மாறினா அரை மீட்டர் கூட ஏறி இறங்கும், நேத்து சுளுவா தாண்டின இடத்துல இன்னிக்கு ப்ரொபெல்லர் கல்லுல உரசும்.

இதுல எல்லாரும் பண்ற தப்பு ஃபோன்ல கடல் மேப்ப ஸூம் அவுட் பண்ணி வச்சுட்டு ஓட்டறது. ஸூம் அவுட் பண்ணா சின்னப் பாறைக் குறியெல்லாம் மேப்லேந்து காணாமப் போயிடும், திரைல வெறும் நீலம் தெரியும், ஆனா அடில பாறை அப்படியே தான் இருக்கும். 2014 வோல்வோ ஓஷன் ரேஸ்ல வெஸ்டாஸ் டீம் படகு மொரீஷியஸ் பக்கம் பவளப்பாறைத் திட்டுல நேரா ஏறினது இந்த ஸூம் விஷயத்துனால தான், உலகத்தச் சுத்தற பந்தயக்காரங்க அவங்க, நல்லவேளை ஆள் எல்லாரும் தப்பிச்சாங்க. அவங்களுக்கே அந்தக் கதின்னா வாடகை போட்டும் பாதி சார்ஜ் ஃபோனுமா போறவங்கள பத்தி என்ன சொல்ல. போற வழிய முன்கூட்டியே பெரிசாக்கிப் பாருங்க, குறிச்ச பாதைய விட்டு குறுக்கு வழி போகாதீங்க. துறைமுகத்துக்குள்ள வரும்போது சிவப்புக் குறி உங்களுக்கு இடது பக்கம், பச்சை வலது பக்கம், வெளிய போகும்போது மாறும். மஞ்சள் கருப்புக் குறிய பாத்தா எந்தப் பக்கம் சுத்திப் போகணும்னு கரைலயே படிச்சுட்டு வாங்க, போட்டுக்குள்ள உக்காந்து கூகுள் பண்ண நேரம் இருக்காது.

பின்லாந்து போற பெரிய கப்பல் பாதை, ஃபூருசுண்ட் பக்கம்லாம், அது ஓரமா பாறைல போட்ட கட்டிட்டு டீ போடாதீங்க. கப்பல் போகும்போது முதல்ல தண்ணி உள்வாங்கும், அப்புறம் ஒரே வீச்சுல ஏறி போட்ட தூக்கிக் கல்லுல மோதும்.

பாறைல போட் கட்டறது இங்க தனி வித்தை. கரைக்கு மூணு நாலு போட் நீளம் முன்னாடியே பின்பக்கமா நங்கூரத்த போட்டு, மெதுவா, ரொம்ப மெதுவா முன்பக்கத்த பாறைகிட்ட கொண்டு போய், ஒருத்தர் கயித்தோட இறங்கணும். இறங்கணும், குதிக்கக் கூடாது. தண்ணி ஓரத்துல பாறைல கருப்பா ஒரு பாசி இருக்கும், காலு வச்சா அவ்ளோ தான். போட்டுக்கும் பாறைக்கும் நடுவுல கைய கால விட்டு தடுக்கப் பாக்காதீங்க, போட் போனா போகுது. சாயங்காலம் காத்து இல்லாத பக்கம்னு கட்டிட்டு ராத்திரி காத்து திசை மாறுமான்னு பாக்காம தூங்கறவங்களும் உண்டு, எஸ்எம்ஹெச்ஐ, அதாவது ஸ்வீடன் வானிலை மையத்தோட அறிக்கைய பாருங்க, அதுல காத்து வேகம் நொடிக்கு மீட்டர்ல வரும், அத கிலோமீட்டர்னு நினைச்சுடாதீங்க. 14னு போட்டிருந்தா அது மணிக்கு 50 கிலோமீட்டர், எச்சரிக்கை குடுக்கற அளவு.

லைஃப் ஜாக்கெட்ட சீட்டுக்கடில வைக்காம போட்டுக்கோங்க. ஜூன் ஆரம்பத்துல வெளித்தீவுப் பக்கம் தண்ணி 10 டிகிரி பக்கம் இருக்கும், விழுந்த உடனே மூச்சு இழுத்துக்கும், நீச்சல் சாம்பியனா இருந்தாலும் முதல் நிமிஷம் உங்க கைல இல்ல. ஏணி தண்ணிக்குள்ளேந்து இழுத்து இறக்கற வாட்டத்துல இருக்கான்னு வாடகைக்கு எடுக்கும்போதே பாருங்க. பீரும் அப்படித்தான், 15 நாட் வேகத்துக்கு மேல போகக்கூடிய இல்ல 10 மீட்டர் நீளம் இருக்கற போட்ட ஓட்டறவருக்கு ரத்தத்துல 0.2 பெர்மில்லே, அதாவது ஆயிரத்துல 0.2 பங்கு ஆல்கஹால் தான் லிமிட், கார் ஓட்டறதுக்கு இருக்கற அதே கணக்கு. பிரச்சனைனா 112, ரேடியோ இருந்தா சேனல் 16. வர்றது அநேகமா 1907ல ஆரம்பிச்ச கடல் மீட்புச் சங்கத்து தன்னார்வலர்களா இருக்கும், வீட்டுச் சாப்பாட்ட பாதில விட்டுட்டு வர்ற ஆளுங்க.

இனி தீவுல இறங்கின பிறகு. ஸ்வீடன்ல யாரோட காட்டுலயும் யாரும் நடக்கலாம், ஒரு ராத்திரி கூடாரம் போடலாம்னு ஒரு உரிமை இருக்கு, அத "எங்க வேணா எது வேணா பண்ணலாம்"னு நம்ம ஆளுங்க மட்டும் இல்ல எல்லா ஊர் ஆளுங்களும் தப்பா எடுத்துக்கறாங்க. வீட்டுப் பக்கத்துல, அவங்க ஜெட்டி மேல எல்லாம் கூடாது. வெறும் பாறை மேல நெருப்பு மூட்டவே கூடாது, இத அழுத்திச் சொல்றேன், சூட்டுல கிரானைட் விரிஞ்சு சில்லு சில்லா பேத்துக்கும், அந்தக் கருப்புத் தழும்பு மழைல கழுவிப் போகாது, உங்க பேரப் பிள்ளைங்க வந்தாலும் அங்கயே இருக்கும். தீவுகள பராமரிக்கறதுக்குன்னு 1959ல ஏற்படுத்தின ஒரு அறக்கட்டளை நிறைய இடத்துல அடுப்பு, கழிவறை, குப்பைக் கொட்டகைன்னு வச்சிருக்கு, அத யூஸ் பண்ணுங்க. வறட்சியா இருந்தா நெருப்புத் தடை வரும், அப்ப காட்டுல தீ மூட்ட அனுமதி இல்ல. போட்ல டாய்லெட் இருந்தா கடல்ல திறந்து விடறது 2015லேந்து சட்ட விரோதம், காலி பண்ண தனி பம்ப் ஸ்டேஷன் இருக்கு.

பறவை போர்டு போட்ட திட்டுக்கு போகாதீங்க, இறங்கறது மட்டும் இல்ல, கிட்ட போறதே கூடாது, தேதியும் தூரமும் போர்டுலயே இருக்கும். போர்டு இல்லாத திட்டுலயும் தலைக்கு மேல பறவை கத்திட்டே சுத்தினா கூடு பக்கம் நிக்கறீங்கன்னு அர்த்தம். ஈடர் வாத்து பயந்து எழுந்து போச்சுன்னா கடற்காக்கை வந்து முட்டைய தூக்கிடும், நீங்க ஒரு செல்ஃபி எடுக்கறதுக்குள்ள.

ஜூலை ஆகஸ்ட்ல தண்ணி பச்சையா குழம்பி இருந்தா பாசி, அதுல விஷமும் இருக்கலாம், குழந்தையவும் நாயையும் இறக்காதீங்க. அப்புறம் உண்ணி. இத தான் எல்லாரும் சிரிச்சுட்டு விட்டுடறாங்க, ஆனா இந்தத் தீவுப் பக்கம் உண்ணி மூளைக்காய்ச்சல பரப்பும். புல்லுல நடந்தா பேண்ட்ட சாக்ஸுக்குள்ள விடுங்க, ராத்திரி உடம்ப செக் பண்ணுங்க, கடிச்சிருந்தா இடுக்கில மெதுவா இழுத்து எடுங்க. இந்தக் காய்ச்சலுக்கு தடுப்பூசி இருக்கு, முதல் ரெண்டு டோஸுக்கு நடுவுல வழக்கமா ஒரு மாசமாவது விடணும், அதனால ஜூன்ல போறவங்க டிக்கெட் போட்ட கையோட ஏப்ரல்லயே முதல் ஊசி போட்டுக்கோங்க.